டெஸ்க்டாப்பில் வைத்த ஃபோல்டர் எங்கே போச்சு?

"பிராஜெக்ட் ரிப்போர்ட் எங்கேப்பா?" என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "டெஸ்க்டாப்லதான் இருக்கு!" வைவாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த ஃபோல்டரைக் காணோம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற நமக்கு மறுபடி டைப் அடிக்க ஒரு ராத்திரிதான் மிச்சம். பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லும் வைத்தியம், "ஃபார்மட் அடிச்சுடு." நண்பர்களே, தயவு செய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

டெஸ்க்டாப் என்பது வெறும் திரை அல்ல. 1995-ல் வந்த விண்டோஸ் 95 முதற்கொண்டே அது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு சாதாரண ஃபோல்டர்தான். இப்போது சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள், உங்கள் லாகின் பெயருக்குள் இருக்கிறது. அந்த விலாசத்தை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்திருக்கும். ஆள் புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டான், ரேஷன் கார்டில் பழைய தெரு என்றால் தபால்காரர் என்ன செய்வார்? இங்கேயும் அதே கதைதான். பல நேரம் ஃபோல்டர் பத்திரமாக இருக்கும், விலாசம்தான் மாறியிருக்கும்.

2020 பிப்ரவரி 11-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்றைப் போட்ட சிலருக்கு டெஸ்க்டாப் புத்தம் புதுசாக, காலியாக வந்து நின்றது. அவர்கள் லாகின் ஆனது தற்காலிகப் புரொஃபைலில். பழைய புரொஃபைல் யூசர்ஸுக்குள்ளேயே, பெயரின் கடைசியில் மூன்று பூஜ்யமோ 'பேக்' என்ற ஒட்டோ சேர்ந்து கிடந்தது. பலருக்குச் சில தடவை ரீஸ்டார்ட் செய்ததுமே சரியாகிவிட்டது. ஒன்று கவனியுங்கள்: தற்காலிகப் புரொஃபைலில் நீங்கள் சேவ் செய்வதெல்லாம் லாக் ஆஃப் ஆனதும் போய்விடும்.

ஆனால் 2018 அக்டோபர் கதை வேறு. அந்த மாதம் 2-ம் தேதி வெளியான விண்டோஸ் 10-ன் புதிய வெர்ஷனை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. காரணம் இதே விலாச விவகாரம். டாகுமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களில் சிலர், பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டு வைத்திருந்தார்கள். அப்டேட் அந்தப் பழைய ஃபோல்டரை வேண்டாத டூப்ளிகேட் என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததோடு அழித்துவிட்டது! நவம்பர் 13-ல்தான் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

சரி, நாம் என்ன செய்வது? முதலில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ மெனுவில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து சி டிரைவ் முழுக்க உங்கள் ஃபைல் பெயரைத் தேடுங்கள். ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்து பிறகு நிறுத்தியிருந்தால், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும். நம்ம சரக்கு அநேகமாக அதில்தான்.

"டெஸ்க்டாப் இருக்கும் இடம் கிடைக்கவில்லை" என்று எர்ரர் வந்தால், உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் ஒன்றை உருவாக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அதன் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேபுக்குப் போய் 'ரீஸ்டோர் டிஃபால்ட்' கொடுங்கள். ஃபைல்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு இதில் இறங்குவது நல்லது.

உண்மையிலேயே டெலீட் ஆகியிருந்தால் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் வேறெதையும் சேவ் பண்ணாதீர்கள், படம் கூட டவுன்லோடு வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைல் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது கிடைக்க வாய்ப்புண்டு. மீட்கும் சாஃப்ட்வேரையும் வேறு டிரைவில்தான் போட வேண்டும். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் டிரிம் என்ற வேலை அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடும்.

லேப், பிரவுசிங் சென்டர் மெஷின்கள் தனி ரகம். டீப் ஃப்ரீஸ் போட்டிருந்தால் ரீஸ்டார்ட் ஆனதும் மெஷின் பழைய நிலைக்கே திரும்பிவிடும், டெஸ்க்டாப்பில் வைத்தது எதுவும் தங்காது. அங்கே எந்த டிரைவைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.