காரணம் தேடும் கல்வி

நுழையும்முன்

குற்றம் ஒன்று நிகழ்ந்ததும், 'செய்தவர் யார்?' என்று ஊர் கேட்கிறது. 'குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா? தண்டனை என்ன?' என்று நீதிமன்றம் கேட்கிறது. 'ஏன் நிகழ்ந்தது? துயருற்றவரின் நிலை என்ன? இனி நிகழாமல் காப்பது எவ்வாறு?' என்று கேட்பது குற்றவியல். இவ்வறிவுத்துறையின் இயல்பை நெல்லை மண்ணின் நிகழ்வுகள் வழியாக அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

உவரி என்னும் களம்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கடற்கரையில் அமைந்துள்ள மீனவர் ஊர் உவரி. கப்பல் வடிவில் எழுந்த மாதா கோவிலும், அந்தோணியார் திருத்தலமும், சுயம்புலிங்க சுவாமி கோவிலும் அவ்வூரின் அடையாளங்கள். அவ்வூர் மக்களின் வாழ்வுக்கு அடித்தளம் கடல்.

இத்தகைய கடற்கரை ஊர் ஒன்றில், நாட்டுப்படகு மீனவர் விரித்த வலையை விசைப்படகு ஒன்று அறுத்துச் சென்றது எனக் கொள்ளலாம். மறுநாள் கரையில் கைகலப்பு, இருவர் காயம், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு. தாக்கியவர் யார் என்பதைப் புலனாய்வு கண்டறியும். குற்றவியல் மாணவரோ அத்துடன் நில்லாது மேலும் வினவுவார். கைகலப்புக்கு முன் வலையிழந்தவர் யாரிடமேனும் முறையிட்டாரா? முறையீட்டுக்குப் பயன் கிடைத்ததா? வலை வாங்கிய கடனை அவர் எவ்வாறு அடைப்பார்? கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1983இலேயே இயற்றப்பட்டும் மோதல் தொடர்வது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் தண்டனை மட்டும் வழங்கினால், அடுத்த பருவத்தில் அதே கரையில் அதே மோதல் மீண்டும் எழக்கூடும்.

காரணத்தை ஆராய்வது குற்றத்தை நியாயப்படுத்துவதாகாது. நோய்முதல் நாடும் மருத்துவர் நோயின் பக்கம் நிற்பவர் அல்லர். குற்றத்தின் வேரைத் தேடுபவரும் அவ்வாறே.

பிறப்பா, சூழலா?

1764இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா, குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்றும், சித்திரவதையும் மரணதண்டனையும் ஒழிய வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1876இல், லொம்பிரோசோ என்னும் மருத்துவர் குற்றவாளிகள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றும், முகத்தையும் மண்டையோட்டையும் கொண்டு அவர்களை அடையாளம் காணலாம் என்றும் கூறினார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைத் தகர்த்தன.

எனினும், பிறப்பைக் கொண்டு குற்றத்தை அளக்கும் எண்ணம் ஏட்டளவில் நிற்கவில்லை. ஆங்கில அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையே குற்றவாளிகள் என முத்திரை குத்தியது. அச்சட்டம் பின்னர்ச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. எக்குற்றமும் செய்யாதவர்கூடக் கைரேகை பதிக்கவும், இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்கவும் நேர்ந்தது. அதனை எதிர்த்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, பலர் உயிர்நீத்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிழையான குற்றவியல் கருத்து சட்டத்தின் கைக்குச் சென்றால் எத்துணைக் கேடு விளையும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

அமெரிக்காவின் சிகாகோ நகரை ஆராய்ந்த ஷா, மெக்கே ஆகியோர் வேறொரு முடிவுக்கு வந்தனர். நகரின் சில பகுதிகளில் குடியிருந்த மக்கள் காலந்தோறும் மாறினர்; ஆயினும், அப்பகுதிகளில் இளையோர் குற்றம் குறையவில்லை. எனவே, காரணத்தை மக்களின் இனத்தில் தேடாது, வறுமை, நிலையற்ற குடியிருப்பு, தளர்ந்த சமூகப் பிணைப்பு ஆகியவற்றில் தேட வேண்டும் என்று அவர்கள் நிறுவினர்.

நாங்குநேரி எழுப்பிய வினா

உவரியைப் போலவே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது நாங்குநேரி. 2023 ஆகஸ்டு மாதம் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவர்கள் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். தாக்கியவர்கள் அம்மாணவருடன் பயின்ற பள்ளியைச் சேர்ந்த சிறார்கள். பின்னணியில் இருந்தது சாதிப் பகை.

பதினேழு வயதுக் கையில் அரிவாள் ஏறியது எவ்வாறு? ஒரே பள்ளியில் படித்தவர்க்கிடையே இப்பகையை வளர்த்தது எது? இவை குற்றவியலின் அடிப்படை வினாக்கள். பள்ளி, கல்லூரி மாணவரிடையே சாதி வேறுபாட்டைக் களைவதற்கான வழிமுறைகளை ஆராயத் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், மாணவரை அகரவரிசையில் அமரச் செய்தல் முதலிய பரிந்துரைகளை முன்வைத்தது. தண்டனை ஒரு நிகழ்வுக்கு விடை கூறும். இப்பரிந்துரைகளோ அடுத்த நிகழ்வைத் தடுக்க முனைபவை.

பதினெட்டு வயது நிறையாதோர் குற்றம் புரிந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவர்களைச் 'சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்' என்றே சுட்டுகிறது. சிறாரின் குடும்பம், கல்வி, சூழல் ஆகியவற்றைக் குறித்த அறிக்கை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வைக்கப்படுகிறது. அவ்வறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஓர் இளையோரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கத் துணைசெய்யும். ஆதலின், அதனை எழுதுபவருக்குக் குற்றவியல் அறிவும் நடுநிலை நெஞ்சமும் இன்றியமையாதவை.

மறக்கப்பட்டவர்

பாண்டியன் அவையில் கையில் சிலம்பேந்தி நின்ற கண்ணகி, தீர ஆராயாமல் வழங்கப்பட்ட தண்டனையைத் தட்டிக்கேட்டாள். பாதிக்கப்பட்டவர் நீதியின் முன் நேர்நின்று பேசும் அக்காட்சியைத் தமிழ் இலக்கியம் என்றோ வரைந்துவிட்டது. நவீன நீதிமுறையோ நெடுங்காலம் அரசு, குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிய இரு தரப்பையே முதன்மையாகக் கருதியது. காயமுற்றவர் சாட்சி சொல்வதோடு மறக்கப்பட்டார்.

அக்குறையை நீக்க எழுந்த துறை பாதிக்கப்பட்டோரியல். பாதிக்கப்பட்டோருக்கான நீதி குறித்த சாற்றுரையை ஐக்கிய நாடுகள் பொது அவை 1985இல் ஏற்றது. இந்தியாவில் 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், குற்றவாளி கண்டறியப்படாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிவகுத்தது.

பாதிக்கப்பட்டவர் எப்போதும் ஒரு தனிமனிதராகவே இருப்பார் என்பதில்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கடற்கரைகளின் தாதுமணல் இதற்கு எடுத்துக்காட்டு. முறைகேடு குறித்த புகார்களைத் தொடர்ந்து அங்குத் தாதுமணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013இல் தடைசெய்தது. சட்டத்திற்குப் புறம்பாக மணல் அள்ளப்பட்டால் கரை இழப்புறும். அக்கரையை நம்பிய ஊர் இழப்புறும். இன்னும் பிறவாத தலைமுறையும் இழப்புறும். இத்தகைய சூழல் கேடுகளை ஆராயும் பிரிவு பசுமைக் குற்றவியல் எனப்படுகிறது.

பல்கலைக்கழகக் கல்வி

திருநெல்வேலியில் 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்றவியல் நீதித்துறை இயங்கிவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. இங்குப் பயில்வோர் குற்றக் கோட்பாடுகள், குற்றவியல் சட்டம், காவல் நிருவாகம், சிறைச் சீர்திருத்தம், இளையோர் குற்றம், உளவியல், ஆய்வுமுறை முதலியவற்றைக் கற்கின்றனர்.

தடய அறிவியலும் குற்றவியலும் ஒன்றல்ல. இரத்தக்கறை யாருடையது எனக் கூறுவது தடய அறிவியல். அக்கறை படிய நேர்ந்த சமூகச் சூழலை விளக்குவது குற்றவியல். இத்துறையில் தேர்ந்தோர் சிறைத்துறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டோர் ஆதரவு, ஆய்வு, கற்பித்தல் ஆகிய களங்களில் பணியாற்றலாம். போட்டித் தேர்வுகளுக்கும் இக்கல்வி துணைநிற்கும்.

மணிமேகலையின் வேண்டுகோளை ஏற்றுச் சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான் என்கிறது மணிமேகலைக் காப்பியம். சிறை புகுந்தவர் திருந்தி மீள வேண்டும் என்பது இன்றைய சீர்திருத்தக் கோட்பாடு. 'யார்?' என்னும் வினாவோடு நின்றுவிடும் சமூகம் குற்றவாளிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். 'ஏன்?' என்றும் கேட்கத் துணிந்த சமூகமே குற்றங்களைக் குறைக்கும்.

தெரியுமா?

இந்தியாவில் பாதிக்கப்பட்டோரியலை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் கே. சொக்கலிங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியராக விளங்கிய இவர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வெளியான குற்றச் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதில் 'யார்?' என்பதற்கு விடையாகும் தொடர்களையும் 'ஏன்?' என்பதற்கு விடையாகும் தொடர்களையும் தனித்தனியே பட்டியலிடுக.

2. 'குற்றத்திற்குக் காரணம் தேடுவது குற்றவாளிக்குப் பரிவு காட்டுவதாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. மாணவரிடையே பகை வளராமல் காக்க உங்கள் பள்ளி மேற்கொள்ளத்தக்க மூன்று நடவடிக்கைகளைக் காரணத்துடன் எழுதுக.