கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, தங்குவதற்கு இடம்?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில், மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வரும் குடும்பங்களின் கேள்விகள் மாறிவிடுகின்றன. மருந்தைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் கேட்டவர்கள், “விடுதியில் இவனால் இருக்க முடியுமா? வெளியில் அறை எடுத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?” என்று கேட்கத் தொடங்குகின்றனர். மதிப்பெண்ணும் விருப்பமும் இருந்தும், தகுந்த அறை கிடைக்காத ஒரே காரணத்தால் வீட்டருகே கிடைத்த ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்துவிடும் மாணவர்கள் உண்டு. அவ்வாறு நேராதிருக்க, நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அறை ஒரு மருத்துவத் தேவை

தண்டுவடக் காயமுற்ற மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி விரியாது. 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை தூய்மையான வடிகுழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும், கை கழுவத் தண்ணீரும், சற்றுத் தனிமையும் தேவை. இவை இல்லாத விடுதியில் தங்கும் மாணவர் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கிறார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். அதன் விளைவு சிறுநீர்த் தொற்று. அது தொடர்ந்தால் சிறுநீரகப் பாதிப்பு.

தோலின் நிலையும் இத்தகையதே. உணர்ச்சியற்ற உடற்பகுதியில் அழுத்தம் நீடித்தால் புண் உண்டாகும். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலை உயர்த்தியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரள வேண்டும். தகுந்த மெத்தையும், நாற்காலியிலிருந்து மாறி அமர ஏற்ற உயரமுள்ள கட்டிலும் இல்லாவிடில் இவை இயலா. ஆழமான அழுத்தப்புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். பல பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு வருகைப் பதிவை வலியுறுத்துகின்றன என்பதால், ஒரு புண் ஒரு பருவத் தேர்வையே இழக்கச் செய்யலாம்.

கழுத்துப் பகுதித் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடல் வியர்த்துக் குளிர்வதில்லை. மொட்டை மாடியை ஒட்டிய அறை கோடையில் அவர்களுக்கு ஆபத்தானது. தசைச்சிதைவு நோயால் இரவில் மூச்சு உதவிக் கருவி பயன்படுத்துவோருக்கு மின்தடையின்போதும் இயங்கும் மின்வசதி தேவை. ஆகவே அறையைத் தேர்ந்தெடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அளந்து பார்க்க வேண்டியவை

“வசதியெல்லாம் இருக்கிறது” என்று தொலைபேசியில் சொல்லப்படும் விடையை மட்டும் நம்ப வேண்டாம். அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள்.

சாய்தளம்: 1 அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் தனியே ஏற இயலாது. இறங்குவது அதைவிட ஆபத்து.

கதவு: திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் இடைவெளி விரும்பத்தக்கது. பெரும்பாலும் அறைக் கதவு அகலமாகவும் கழிப்பறைக் கதவு குறுகலாகவும் இருக்கும், இரண்டையும் அளக்கவும்.

திரும்பும் இடம்: நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டம் தேவை. கட்டிலும் மேசையும் போட்டபின் அவ்விடம் எஞ்சுகிறதா என்று பாருங்கள்.

கழிப்பறை: அமரும் வகைப் பீடம், சுவரில் உறுதியாகப் பதிக்கப்பட்ட கைப்பிடிக் கம்பி, வாசற்படி இல்லாத நுழைவு.

பாதை: அறையிலிருந்து உணவுக்கூடத்திற்கும் வகுப்பறைக்கும் செல்லும் வழி முழுவதையும் மாணவரே ஒருமுறை கடந்து பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சென்று பார்த்தால் இன்னும் நல்லது.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுப் பிரிவுக்கு முன்னரே நடைபெறுகிறது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விடுதியைப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

மலிவான வாடகையின் உண்மை விலை

பல குடும்பங்கள் வாடகையை மட்டுமே ஒப்பிடுகின்றன. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். கல்லூரியிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் மாதம் 5,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை. கல்லூரி வாயிலருகே தரைத்தளத்தில் 8,000 ரூபாய்க்கு மற்றோர் அறை. முதல் அறையிலிருந்து ஆட்டோவில் சென்று வர நாளொன்றுக்கு 300 ரூபாய் எனில், 24 வேலை நாட்களுக்கு 7,200 ரூபாய். வாடகையையும் சேர்த்தால் 12,200 ரூபாய் ஆகிறது. 3,000 ரூபாய் மிச்சம் என்று கருதிய அறையே உண்மையில் 4,200 ரூபாய் அதிகம். வடிகுழாய், உதவியாளர் ஊதியம், துணி துவைக்கும் செலவு ஆகியவற்றையும் உங்கள் ஊர் விலைக்கேற்ப எழுதி, மாத மொத்தத்தை வைத்தே முடிவெடுங்கள். பெரும்பாலான கணக்குகளில், வளாகத்திற்குள்ளேயே தகுந்த தரைத்தள அறை கிடைப்பதுதான் செலவு குறைந்த வழியாக அமையும். அதனால்தான் அவ்வறையைக் கேட்டுப் பெறுவதில் முயற்சியைச் செலுத்த வேண்டும்.

கேட்பது சலுகை அன்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கவையாக ஆக்க வேண்டும் என்றும், தனி மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்றும் அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. அங்கீகாரம் என்ற சொல் இருப்பதால், தனியார் கல்லூரிகளும் இதில் அடங்கும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுடையோருக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை 32ஆம் பிரிவு ஒதுக்குகிறது. நியாயமான ஏற்பாட்டைப் பெற 40 விழுக்காடு என்ற வரம்பு கட்டாயமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஸ் குமார் வழக்கில் தெளிவாக்கியது.

நியாயமான ஏற்பாடு என்பதற்கு எல்லையும் உண்டு. நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை அது ஏற்றக் கூடாது. தரைத்தள அறையை மாற்றித் தருவது, கைப்பிடிக் கம்பி பதிப்பது, வாசற்படியில் சிறு சாய்தளம் அமைப்பது ஆகியவற்றை அத்தகைய சுமை என்று சொல்வது கடினம். உடல்நிலை காரணமாகத் தனியறை அவசியமாகும்போது, பகிர்வு அறைக்கான கட்டணத்தையே பெறுமாறு எழுத்து மூலம் கேளுங்கள்.

மருத்துவரிடம் பெற வேண்டிய கடிதம்

நோயின் பெயரை மட்டும் எழுதிய சான்றிதழ் விடுதிக் காப்பாளருக்கு எதையும் உணர்த்தாது. தேவையையும் அதன் காரணத்தையும் எழுதித் தருமாறு எங்களிடம் கேளுங்கள். எடுத்துக்காட்டாக: “இவர் சக்கர நாற்காலியில் இயங்குபவர். 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை வடிகுழாய் பயன்படுத்த வேண்டியவர். ஆகவே நாற்காலி நுழையும் கழிப்பறையுடன் கூடிய தரைத்தள அறை மருத்துவ ரீதியாக அவசியம். இரவில் உதவியாளர் ஒருவர் உடன் தங்க அனுமதிக்க வேண்டும்.” இத்தகைய கடிதத்தில் மாணவர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். நிர்வாகத்தின் தயக்கம் பல நேரங்களில் அச்சத்தால் வருவது. தெளிவு அதைக் குறைக்கும். சேர்க்கைக்கு ஒரு மாதத்திற்கு முன்பே வந்தால், மாணவரைப் பரிசோதித்து எழுத அவகாசம் கிடைக்கும்.

உதவித்தொகைகள்

முதலில் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையைப் பெறுங்கள். ஏனைய உதவிகளுக்கு அதுவே திறவுகோல். மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத 40 விழுக்காடு ஊனமுடைய மாணவர்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் விடுதி மாணவருக்கான பராமரிப்புத் தொகை வீட்டிலிருந்து சென்று வருவோருக்கானதைவிட அதிகம்; எனவே விண்ணப்பத்தில் விடுதியில் தங்குவதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். வருமானச் சான்றிதழையும் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கையும் முன்னரே ஆயத்தம் செய்து வையுங்கள். மாநில அரசின் கல்வி உதவித்தொகையும் பராமரிப்பு உதவித்தொகையும் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். உதவித்தொகை தாமதமாக வரக்கூடும். முதல் சில மாத விடுதிக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி கோருவது நல்லது.

மறுப்பு வந்தால்

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். முதலில் விடுதிக் காப்பாளர், அடுத்து கல்லூரி முதல்வர், பின்னர் நிறுவனத்தின் சம வாய்ப்புப் பிரிவு என்ற வரிசையில் செல்லுங்கள். அதன்பின்னும் தீர்வில்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். ஒப்புகைகளும் மருத்துவக் கடிதமும் அளவுக் குறிப்புகளும் அங்கே உங்கள் சான்றுகளாகும்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒன்று. அறையைப் பார்க்கச் செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். அங்கு நான்கு ஆண்டுகள் வாழப்போகிறவர் அவர். இரவு 2 மணிக்குத் தாமே எழுந்து கழிப்பறைக்குச் சென்று திரும்ப முடியும் என்று அவர் சொல்லும் அறையே தகுந்த அறை.