விலை கூடினால் நேரம் துல்லியமா?

லட்சக்கணக்கில் கொடுத்துச் சாவி வாட்ச் சேர்ப்பவர்களைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றைச் சோதிக்கப் பழவேற்காட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மீனவர் குப்பங்களின் உப்புக்காற்று அங்கே உண்டு. 1914இல் செய்த சூரியக் கடிகாரத்தில் நேரம் பார்க்கும் சின்னப் பள்ளிவாசலும் உண்டு.

நம்பிக்கை: விலை கூடக்கூட நேரம் துல்லியமாகும்.

உண்மை: ஆகாது. சுவிட்சர்லாந்தின் துல்லியச் சான்று பெற்ற இயந்திர வாட்சே ஒரு நாளில் 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். சில ஆயிரம் ரூபாய் பேட்டரி வாட்ச் மாதம் முழுக்க ஓடியும் 20 வினாடி பிசகினால் அதிகம்.

பிறகு எதற்குச் சிலர் கோடி ரூபாய் கொடுக்கிறார்கள்? பள்ளிவாசல் சூரியக் கடிகாரத்தின் நிழலைக் கேட்கலாம். இந்திய நேரம் காக்கிநாடா அருகே போகும் 82.5 பாகைக் கோட்டின் நேரம். பழவேற்காடு அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 12 மணி 9 நிமிடம் ஆகிறது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.23 வரை தள்ளிப்போகும். நிழலும் வாட்சும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். இரண்டிலும் தவறில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கையில் கட்டிக்கொள்ளத்தான் பிரெகே நிறுவனம் 2017இல் ‘மரீன் எக்குவாசியோன் மார்ஷான்ட்’ என்ற வாட்சைக் கொண்டுவந்தது. அதில் நிமிட முள் இரண்டு: ஒன்று நம் நேரத்துக்கு, மற்றது சூரியனுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் நெளிவான தகடு ஒன்று சூரிய முள்ளை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. விலை கோடியைத் தாண்டும். சேகரிப்பவர் பணம் கொடுப்பது அந்தத் தகட்டின் நெளிவுக்குத்தான். பேட்டரியின் துணையில்லாமல், வானத்தின் கணக்கை உலோகத்தில் வெட்டி வைத்த கைத்திறன் அது. அந்த ஆசை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் பழவேற்காட்டின் 9 நிமிடம் அந்த வாட்சுக்குத் தெரியாது, நிழலுக்குத் தெரியும்.

நம்பிக்கை: வாட்சில் ‘17 கல்’ என்று எழுதியிருந்தால் கல்லுக்கே தனி விலை.

உண்மை: அது செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் 1902இல் அறிவித்த முறைக்குப் பின் மலிவாகிவிட்டது. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைப்பது.

நம்பிக்கை: ‘30 மீட்டர்’ என்று பொறித்திருந்தால் ஏரியில் இறங்கலாம்.

உண்மை: பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை, ஆனாலும் கழற்றி வையுங்கள். அந்த எண் ஆய்வகத்தில், அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்தது. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரோடு இறங்குவதானால் 100 மீட்டருக்குக் குறையாத, சாவியைத் திருகி மூடும் வாட்ச் வேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் இடுக்கில் படியும் உப்பு எஃகையும் அரிக்கும்.

நம்பிக்கை: பழைய வாட்ச் விலை ஏறிக்கொண்டே போகும்.

உண்மை: 2022இல் உச்சம் தொட்ட பல ரோலெக்ஸ், பட்டேக் மாடல்களின் மறுவிற்பனை விலை பிறகு நன்றாகவே சரிந்தது. நம் ஊரில் சேகரிக்கத் தொடங்குபவர்கள் தேடுவது ஹெச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் பின் ‘ஜனதா’, ‘பைலட்’ வாட்ச்களுக்குக் கிராக்கி கூடியது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாகப் பூட்டி விற்பதும் கூடவே வளர்ந்தது. டயலில் எழுத்து தடித்தோ கோணியோ இருந்தாலும், பின்மூடியைத் திறந்து காட்ட விற்பவர் தயங்கினாலும் வாங்காதீர்கள்.