குத்தகைக் குளத்தில் குஞ்சு விடுமுன் விராலைத் தூண்டிலில் பிடியுங்கள்

குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டை மீன் வளர்க்க முன்வரும் உழவர் பெருமக்களே! குஞ்சு வாங்கப் புறப்படுமுன், அக்குளத்தில் முன்பே குடியிருக்கும் விராலைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள். ஏக்கருக்கு 2000 குஞ்சுகள் விடுகிறீர்கள் எனக் கொள்வோம். குளத்தில் 10 விரால்களே இருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு 3 குஞ்சுகள் வீதம் தின்றாலும், 60 நாட்களில் 1800 குஞ்சுகள் போய்விடும்.

விராலின் இயல்பு

விரால் பிற மீன்களையும் தவளைகளையும் இரையாகக் கொள்ளும். செவுள் மட்டுமன்றி, நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். குளம் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து உயிர் வாழும். இழுவலை போட்டால் சேற்றோடு ஒட்டி வலைக்கடியில் தப்பிவிடும். ஆகவே புதிய குளத்தில் விரால் உள்ளதா என்று அறியத் தூண்டிலே எளிய வழி.

இடமும் நேரமும்

முதல் நாள் தூண்டில் போடாமல், காலையிலும் மாலையிலும் கரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். பாசி, அல்லி, கோரை ஆகியவற்றின் ஓரங்களையும் மதகடியையும் கவனியுங்கள். மீன் மேலே வந்து காற்றை விழுங்கி மறையும் இடத்திற்கு அடையாளக் குச்சி நடுங்கள். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால், தாய் தந்தை விரால்கள் அடியில் காவல் இருக்கும்.

தூண்டில் முறை

1. உறுதியான மூங்கில் கழியும் தடித்த தங்கூசியும் தேவை. மெல்லிய நரம்பு பாசியில் சிக்கி அறுந்துவிடும்.

2. உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்து, 1 அல்லது 2 அடி ஆழத்தில் நிற்குமாறு தக்கையைக் கட்டுங்கள். மண்புழுவும் உதவும். வயல் தவளை பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுவதால் அதைத் தவிர்க்கவும்.

3. தக்கை அமிழ்ந்ததும், மீன் பாசிக்குள் புகுமுன் தளர்வின்றி மேலே தூக்குங்கள்.

4. பிடித்த மீனைச் சிறிது நீருள்ள பானையில் இட்டு, துள்ளி விழாதபடி துணியால் மூடுங்கள். உயிருடன் விற்றால் நல்ல விலை கிடைக்கும்.

அடுத்து என்ன?

ஐந்து நாட்கள் இவ்வாறு பிடித்து, நாள்தோறும் அகப்பட்டதைக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை குறைந்து நின்றுவிட்டால், 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கெண்டைக் குஞ்சுகளை விடலாம். எஞ்சிய சிறு விரால்கள் அவற்றை எளிதில் விழுங்க இயலாது. ஐந்தாம் நாளும் குறையாமல் அகப்பட்டால், தூண்டிலை மட்டும் நம்புதல் கூடாது. இலுப்பைப் புண்ணாக்கு இடுதல் வேண்டும். 1 மீட்டர் ஆழ நீருக்கு சென்டுக்கு 10 கிலோ அளவு. நீர் அரை மீட்டராக இருந்தால் 5 கிலோ போதும். ஆதலால் நீர் குறைந்த காலத்தில் இடுவதே சிக்கனம். அந்நீர் வேறு குளத்திற்குப் பாயாதபடி மதகை அடைத்துவிடுங்கள்.

நஞ்சு நீங்க மூன்று வாரங்கள் ஆகும். அதன்பின் சில குஞ்சுகளை மட்டும் சிறு வலைக்கூண்டில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அவை நலமாக இருந்தால் மற்றவற்றையும் விடலாம். புண்ணாக்கு பின்னர் குளத்திற்கு எருவாகவும் பயன்படும்.

விதைக்குமுன் களை எடுத்து வயலைத் தயார் செய்வதுபோலக் குளத்தையும் தயார் செய்து, விட்ட குஞ்சுகளின் முழுப் பயனையும் பெறுவீர்.