மதிலுக்குள் இருந்த சாட்சி

அன்புள்ள இளம் வரலாற்றாளருக்கு,

மரின் பார்லெட்டியை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய முற்றுகை நூலின் எந்தப் பக்கத்தில் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

1478இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் மெகமது தானே படையோடு வந்து அல்பேனியாவின் ஷ்கோட்ரா நகரை வளைத்தபோது, ரொசாஃபா கோட்டைக்குள் இருந்த உள்ளூர் இளைஞர்களில் பார்லெட்டியும் ஒருவர். தாக்குதலுக்குக் கோட்டை மசியவில்லை. 1479 ஜனவரியில், நகரை ஆண்டுவந்த வெனிஸ் அரசு சமாதானம் பேசி நகரைக் கொடுத்துவிட்டது. பார்லெட்டி இத்தாலிக்குப் போய்ப் பாதிரியாரானார். முற்றுகை பற்றி இலத்தீனில் அவர் எழுதிய நூல் 1504இல் வெனிஸில் அச்சேறியது. நடுவில் கால் நூற்றாண்டு ஓடியிருந்தது.

நூலில் அலுப்பூட்டும் பகுதி ஒன்று உண்டு: எந்த நாளில் எந்தப் பீரங்கி வந்தது, அதன் கல்குண்டு என்ன எடை, அன்று மதிலில் எத்தனை விழுந்தன என்று நாள்கணக்காக நீளும் பட்டியல். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். நீங்கள் அங்கேயே உட்காருங்கள். மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களால் எண்ணக்கூடியவை இவை. விழுந்த கல்லின் எடையையும் ஓரளவு மதிப்பிட்டிருக்கலாம். ஆனாலும் எண் துல்லியமாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. அன்றே குறித்து வைத்ததா, பிறகு நினைவிலிருந்து எழுதியதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை எடுத்தாள வேண்டும்.

அடுத்து சுல்தான் வாய் திறக்கிறார். பக்கம் பக்கமாகப் பேசுகிறார், அதுவும் அழகான இலத்தீனில்! எதிரியின் பாசறைக்குள் பார்லெட்டி எப்படிப் போனார்? போகவில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியைப் படித்து வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு, தலைவனின் வாயில் உரை வைப்பது எழுத்து மரபு. அதைப் பொய் என்று ஏச வேண்டாம், மேற்கோளாகவும் காட்ட வேண்டாம். எதிரிப் படையை லட்சக்கணக்கில் சொல்லும் எண்ணிக்கையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நூல் யாருக்குச் சமர்ப்பணம் என்றும் பாருங்கள். வெனிஸின் ஆட்சித் தலைவர் லியோனார்தோ லொரேதானுக்கு. 1474இல் நடந்த முந்தைய முற்றுகையில் ஷ்கோட்ராவைக் காத்த அந்தோனியோவும் லொரேதான் குடும்பத்தவர்தான். தன் ஊரைத் தாரைவார்த்த அரசின் நிழலில் வாழ்ந்துகொண்டு, அந்த அரசின் தலைவருக்கே எழுதுகிறார் மனிதர். வெனிஸைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு நல்ல வார்த்தையையும் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

பின்னாளில் அவர் எழுதிய ஸ்கந்தர்பெக் வரலாற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உதுமானியரை எதிர்த்துப் போரிட்ட அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்தவர். அந்தப் போர்களில் பார்லெட்டி சாட்சி இல்லை. அதில் வரும் கடிதங்களில் சில அவர் புனைந்தவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்த நூலின் பாவத்தை இந்த நூலின் தலையில் கட்ட வேண்டியதில்லை.

துர்சுன் பே, கெமால்பாஷாசாதே போன்ற உதுமானிய வரலாற்றாசிரியர்களையும் அருகில் வைத்துப் படியுங்கள். அவர்களுக்கும் புரவலர்கள் உண்டு, அவர்களுக்கும் மிகை உண்டு. ஆனால் கோட்டை போரில் விழவில்லை, உடன்படிக்கையில்தான் கைமாறியது என்ற இடத்தில் பார்லெட்டியை மறுக்க ஆளில்லை. உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.