மனங்களை ஈர்ப்பது எப்படி?



சிலர் வந்து உட்கார்ந்தால் நாலு பேர் தாமாக அருகில் வந்து அமர்கிறார்கள். வேறு சிலர் வந்தால் இருந்தவர்களும் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். இதற்குக் காரணம் அழகா? பணமா? பேச்சுத் திறமையா? இவையெல்லாம் ஆட்களைக் கூட்டும். ஆனால் அந்தக் கூட்டம் நிலைக்காது. 'இவரிடத்தில் எனக்கு மதிப்பு இருக்கிறது' என்று எதிரில் இருப்பவர் உணர வேண்டும். அதுதான் உண்மையான ஈர்ப்பு. நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு நிறையப் பாடங்கள் இருக்கின்றன.

1. மலர்ந்த முகம்

தாம் இஸ்லாத்தை ஏற்ற நாள் முதல், நபி (ஸல்) அவர்கள் தம்மைப் பார்த்தபோதெல்லாம் புன்னகைத்தார்கள் என்று ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கிறார்கள். எத்தனையோ பொறுப்புகளுக்கு நடுவே இருந்தவர்களின் முகம் அது. நாமோ கடையில் வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பையும் கழற்றி வைத்துவிடுகிறோம்.

2. முழுக் கவனம்

ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படைக்குத் தலைமை ஏற்றவர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி). இஸ்லாத்தில் இணைந்து அதிக நாள் ஆகவில்லை. நபியவர்கள் தம் பக்கம் முகம் திருப்பிப் பேசிய விதத்தைக் கண்டு, மற்றவர்களைவிடத் தாமே மேலானவரோ என்று அவர்களுக்குத் தோன்றியது. மக்களில் மிகவும் பிரியமானவர் யார் என்று நபியவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஆயிஷா (ரலி), அவர்களின் தந்தை அபூபக்ர் (ரலி), பிறகு உமர் (ரலி) என்று பெயர்கள் வரிசையாக வந்தன. தம் பெயர் கடைசியில் வந்துவிடுமோ என்று பயந்து, அம்ர் (ரலி) மேற்கொண்டு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்!

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. புதிதாக வந்தவரும் தாமே நெருக்கமானவர் என்று எண்ணும் அளவுக்குக் கவனம் கிடைத்தது. ஆனாலும் அவரை மகிழ்விக்க ஒரு பொய்ப் புகழ்ச்சியும் சொல்லப்படவில்லை. ஈர்ப்புக்கும் முகஸ்துதிக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

3. தவறு நடந்த நேரத்தில் மென்மை

உஹதுப் போரில் குன்றின் மேல் நிறுத்தப்பட்ட 50 வில்வீரர்களில் பெரும்பாலோர் கட்டளையை மறந்து கீழே இறங்கினார்கள். வெற்றி கைநழுவியது. சுமார் 70 பேர் ஷஹீதானார்கள், நபியவர்களும் காயமடைந்தார்கள். அதன் பிறகு இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், நபியவர்கள் மென்மையாக நடந்துகொண்டது அல்லாஹ்வின் அருள் என்கிறது. கடின உள்ளம் கொண்டவராக இருந்திருந்தால் மக்கள் விலகிப் போயிருப்பார்கள் என்றும், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களிடம் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்றும் கற்றுத் தருகிறது.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தேர்வில் தோற்ற மகன் முதலில் யாரிடம் சொல்கிறான்? வாப்பாவிடமா, தெருமுனையில் நிற்கும் கூட்டத்திடமா? நம் கோபத்துக்குப் பயந்து வெளியே போகிற பிள்ளைக்கு அங்கே தோள் கொடுப்பவர் நல்லவராக இருப்பார் என்று எப்படி நம்புவது? நபியவர்களிடம் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஒருமுறைகூடத் தம்மை 'சீ' என்று சொன்னதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள். பணிக்கு வந்தபோது அவர்களுக்குச் சுமார் பத்து வயதுதான். அந்த வயதில் பிழையே செய்யாத பிள்ளை உண்டா?

4. யாரும் கவனிக்காதவரைக் கவனித்தல்

பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணியைக் காணாமல் நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்து அடக்கமும் செய்யப்பட்ட விவரம் அப்போதுதான் தெரிந்தது. தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அவரது கப்ருக்கே சென்று தொழுதார்கள்.

நம் குணத்துக்கு உரைகல் இதுதான். வசதியானவரை வாசல்வரை வந்து வரவேற்பது யாருக்கும் வரும். நமக்கு எந்த ஆதாயமும் தர முடியாதவர் வரும்போது நம் முகம் எப்படி இருக்கிறது? உதவி கேட்டு வரும் விதவைச் சகோதரிக்குப் பணத்தைவிட முதலில் தேவை, உட்கார ஒரு நாற்காலியும் தலைகுனிய வைக்காத ஒரு பேச்சும்.

இந்த வாரப் பயிற்சி

* வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்லி, எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரியுங்கள்.
* தினமும் பத்து நிமிடம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளை பேசுவதை இடைமறிக்காமல் கேளுங்கள்.
* மோதினார், துப்புரவுப் பணியாளர், பக்கத்து வீட்டு முதியவர் ஆகியோரில் ஒருவரைப் பெயர் சொல்லி நலம் விசாரியுங்கள்.

மக்கள் நம்மைப் புகழ வேண்டும் என்பதற்காகச் செய்தால் அது நடிப்பாகிவிடும். விரைவில் வெளுத்தும் போகும். அல்லாஹ்வுக்காகச் செய்தால், உள்ளங்களை இணைக்கும் வேலையை அவன் பார்த்துக்கொள்வான். அதற்கான நல்ல குணத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.