கேம் வித்த கடை எதை வித்துப் பிழைச்சது?

பிரிட்டன்ல எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மெயின் கடைத்தெரு இருக்கும். அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பொதுப்பேர் ஹை ஸ்ட்ரீட். பேங்க், மருந்துக்கடை, செருப்புக்கடை, பேக்கரி, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு வீடியோ கேம் கடை. 1990-கள்ல ஆரம்பிச்சு இருபது வருஷம் போல இந்தக் கடைங்க நல்லாவே ஓடுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா ஷட்டர் இறங்கிடுச்சு.

"எல்லாம் ஆன்லைனுக்குப் போயிடுச்சு, இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. செருப்பும்தான் ஆன்லைன்ல கிடைக்குது, செருப்புக்கடை இன்னும் இருக்கே! கேம் கடைக்கு மட்டும் என்ன ஆச்சுன்னு புரியணும்னா, அந்தக் கடை எதை வித்து லாபம் பார்த்துச்சுன்னு முதல்ல பார்க்கணும். பதில் கொஞ்சம் ஆச்சரியமா இருக்கும்.

கேஸ் ஸ்டடிக்கு ஒரே ஒரு செயினை எடுத்துக்கலாம். அதோட பேரே "கேம்". குழப்பம் வரக்கூடாதுன்னு, கம்பெனியைச் சொல்றப்போ எல்லாம் கேம் குரூப்னு எழுதறேன். எலக்ட்ரானிக்ஸ் பூட்டீக்னு பிரிட்டன்ல ஓடிக்கிட்டிருந்த கம்பெனி, 1999-ல கேம்ங்கிற சின்ன செயினை வாங்கி, அப்புறம் அந்தப் பேரையே தனக்கு வெச்சுக்கிச்சு. 2007-ல போட்டியாளரான கேம்ஸ்டேஷனை 74 மில்லியன் பவுண்டு குடுத்து வாங்கினாங்க. பிரச்சினை என்னன்னா, நிறைய ஊர்ல ரெண்டு கடையும் ஒரே தெருவுல, கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. ஒரே முதலாளி, ரெண்டு போர்டு, ரெண்டு வாடகை.

2012 மார்ச் 26-ம் தேதி கேம் குரூப் திவால் நடைமுறைக்குள்ள போச்சு. அன்னிக்கே 277 கடை மூடினாங்க. 2,104 பேருக்கு வேலை போச்சு. அயர்லாந்துல இருந்த கிளை ஊழியர்கள், சேர வேண்டிய பணத்தைக் குடுங்கன்னு கடைக்குள்ளயே உட்கார்ந்து போராட்டம் பண்ணாங்க. அந்த வாரம் முடியறதுக்குள்ள மிச்சமிருந்த 333 கடையையும் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிடுச்சு. விலை: 1 பவுண்டு. அன்னிக்கு நம்ம காசுக்கு எண்பது ரூபாய் சொச்சம், கூடவே பழைய கடன் சுமை.

இதுக்கு நாலு மாசம் முன்னாடிதான், 2011 நவம்பர்ல, கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 3 அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டுலயும் சேர்த்து முதல் 24 மணி நேரத்துல 65 லட்சம் காப்பி வித்துச்சு. கேம் நல்லா விக்குது, ஆனா கேம் விக்கிற பெரிய கடை திவால். எப்படி?

கணக்கைப் பார்ப்போம். நான் போடற எண்கள் புரியறதுக்காக மட்டும். புது கேம் ஒண்ணு 40 பவுண்டு. அதுல கடைக்கு நிக்கறது 8 பவுண்டுன்னு வெச்சுக்கோங்க. மிச்சமெல்லாம் பப்ளிஷர், கன்சோல் கம்பெனி, வரின்னு போயிடும். ஒரு பையன் அந்த கேமை முடிச்சுட்டு திரும்பக் கொண்டு வர்றான். கடை அதை 18 பவுண்டுக்கு எடுத்து, 30 பவுண்டுக்கு விக்குது. லாபம் 12. அதே டிஸ்க் இன்னொரு தடவை திரும்பி வந்தா இன்னொரு லாபம். இந்த ரெண்டாவது, மூணாவது சுத்துல பப்ளிஷருக்கு ஒரு பைசா கிடையாது.

நிஜ எண் வேணும்னா, அமெரிக்காவோட கேம்ஸ்டாப் செயினைப் பார்க்கலாம். 2010-களோட தொடக்கத்துல அவங்க ஆண்டறிக்கைப்படி புது கன்சோல் வித்தா மொத்த லாப விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழ. புது கேம்ல 20 சொச்சம். செகண்ட் ஹேண்ட்ல 45-க்கும் மேல. கன்சோலை விக்கறது கிட்டத்தட்ட சமூக சேவைதான்!

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. பழைய டிஸ்க்கைக் குடுக்கிறவனுக்குக் காசா வேணும்னா கம்மி, கடை கிரெடிட்டா எடுத்துக்கிட்டா கொஞ்சம் அதிகம். எல்லாரும் கிரெடிட்தான் எடுப்பாங்க. அந்த கிரெடிட் அடுத்த புது கேமுக்குப் போகும், அது அடுத்த மாசம் பழைய கேமா திரும்பி வரும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வரைஞ்ச ஃபீட்பேக் லூப் மாதிரியே. டிஸ்க் திரும்பி வர்ற அந்தப் பாதைதான் கடையோட உயிர். ஷோரூம்ல ஜொலிக்கிற புது கேம், ஆளை உள்ள கூப்பிடற விளம்பரம்.

இப்ப இந்த லூப்ல எங்கெங்க வெட்டு விழுந்துச்சுன்னு பார்க்கலாம்.

முதல் வெட்டு புது கேம் பக்கம். சூப்பர்மார்க்கெட்காரங்களுக்கு கேம்ல லாபம் வந்தே ஆகணும்னு அவசியம் இல்ல. ஆள் உள்ள வந்து பாலும் பிரெட்டும் சேர்த்து வாங்கினா போதும். 2009 நவம்பர்ல மாடர்ன் வார்ஃபேர் 2 வந்தப்போ பெட்டியில போட்ட விலை 54.99 பவுண்டு. செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட்ல அதை 26 பவுண்டுக்கு வித்தாங்க. கேம் மட்டுமே விக்கிற ஒரு கடை இந்த விலையோட எப்படி மோதும்? ஆன்லைன் கடைகளும் இதே பக்கம்தான் அடிச்சாங்க. இவ்வளவும் தாங்கக்கூடிய அடிதான், ஏன்னா நிஜ லாபம் வேற பக்கம் இருந்துச்சு.

ரெண்டாவது, வாடகை. இது எனக்கே புதுசா இருந்துச்சு. இங்கிலாந்துல கடை வாடகை மாசாமாசம் கிடையாது. பழைய வழக்கப்படி மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25, இந்த நாலு நாள்ல மூணு மாச வாடகையை முன்கூட்டியே கட்டணும். குத்தகை வருஷக்கணக்குல ஓடும். நிறைய ஒப்பந்தத்துல வாடகை ஏறலாம், இறங்கக்கூடாது. கேம் குரூப்புக்கு அந்த மார்ச் 25-ல வந்து நின்ன வாடகை மட்டும் 21 மில்லியன் பவுண்டு. மறுநாள்தான் திவால். தேதி அப்படியே பொருந்துது பாருங்க.

அதுக்கும் முன்னாடியே சரக்கு நின்னுடுச்சு. கடைக்காரங்க கடன்லதான் சரக்கு எடுப்பாங்க. இவங்க நிலைமை சரியில்லன்னு வாசனை பிடிச்ச பெரிய கம்பெனிகள் கை விரிச்சுட்டாங்க. 2012 மார்ச்ல வந்த மாஸ் எஃபெக்ட் 3, மாரியோ பார்ட்டி 9 ரெண்டும் நாட்டோட பெரிய கேம் கடையிலயே கிடைக்கல. ப்ரீ-ஆர்டர் பண்ணவங்க வேற கடைக்கு நடந்தாங்க. சரக்கு இல்லாததால காசு வரல, காசு இல்லாததால சரக்கு வரல.

ஆனா 2012-ல விழுந்த கம்பெனி மறுபடி எழுந்துச்சு. 2014-ல லண்டன் ஷேர் மார்க்கெட்டுக்கே திரும்பி வந்துச்சு. பாதிக்குப் பாதி கடையை மூடினதால வாடகை குறைஞ்சது, லூப் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. ஹை ஸ்ட்ரீட்டையே முழுசா காலி பண்ணது மூணாவது வெட்டு. அது விழுந்தது டிஸ்க் மேலயே.

பப்ளிஷர் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. நீங்க மூணு வருஷம் உழைச்சு எழுதின கேம். ஒரு கடை அதை நாலு தடவை வித்து நாலு தடவையும் லாபம் பார்க்குது, உங்களுக்கு முதல் தடவை மட்டும்தான் காசு. கடுப்பு வரும்தானே? அதுக்காக 2010-ல இ.ஏ. கம்பெனி "ஆன்லைன் பாஸ்"னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. புது பெட்டிக்குள்ள ஒரு கோடு இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவன் ஆன்லைன்ல ஆடணும்னா தனியா 10 டாலர் கட்டணும். திட்டு வாங்கி, 2013-ல கைவிட்டாங்க. அதே வருஷம் மே மாசம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவிச்சப்போ இன்னும் ஒரு படி மேல போனாங்க. டிஸ்க் வாங்கினாலும் கேம் உங்க அக்கவுண்ட்டோட ஒட்டிக்கும், 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை கன்சோல் இன்டர்நெட்ல அட்டெண்டன்ஸ் போடணும், நண்பனுக்குக் குடுக்கணும்னா அவன் உங்க ஃபிரெண்ட் லிஸ்ட்ல 30 நாளாவது இருந்திருக்கணும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். சோனி பதிலுக்கு ஒரு வீடியோ போட்டாங்க, அரை நிமிஷம்கூட இருக்காது. பிளேஸ்டேஷன் 4-ல கேமை எப்படி ஷேர் பண்றது? ஒருத்தர் டிஸ்க்கை நீட்டறார், இன்னொருத்தர் "தேங்க்ஸ்" சொல்லி வாங்கிக்கறார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19-ல மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிடுச்சு.

ஜனங்க ஜெயிச்சுட்டாங்கன்னு தோணும். பத்து வருஷத்துல அதே இடத்துக்கு, யாரும் சண்டை போடாமலே போய்ச் சேர்ந்தோம். டிஸ்க்கைப் பூட்டறதை எதிர்த்தவங்க, டிஸ்க்கே இல்லாத டவுன்லோடை "அட, வசதியா இருக்கே"ன்னு ஏத்துக்கிட்டாங்க. பிரிட்டனோட விற்பனையாளர் சங்கம் 2018-க்குக் குடுத்த கணக்குல கேமுக்குச் செலவான 5 பவுண்டுல 4 பவுண்டு டிஜிட்டல். 2019 ஏப்ரல்ல இருந்து பிளேஸ்டேஷனோட முழு கேம்களுக்கான டவுன்லோட் கோடுகளைக் கடைகள் வழியா விக்கறதையும் சோனி நிறுத்திட்டாங்க. 2020-ல டிஸ்க் போடற இடமே இல்லாத கன்சோல்கள் வந்துச்சு. 2013-ல வீடியோ போட்டுக் கிண்டல் பண்ண அதே சோனிதான், 2024-ல பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை டிஸ்க் டிரைவ் இல்லாம வித்தாங்க. வேணும்னா டிரைவைத் தனியா காசு குடுத்து மாட்டிக்கணும்.

டவுன்லோட் பண்ண கேமைத் திரும்ப விக்க முடியாதா? டெக்னிக்கலா பார்த்தா ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஒரு அக்கவுண்ட்ல இருந்து லைசென்ஸை எடுத்து இன்னொண்ணுல போடறது டேட்டாபேஸ்ல ஒரு அப்டேட் வேலை, நாமளே எழுதிடுவோம். தடை இருக்கிறது சட்டத்துல. ஒரு புத்தகத்தை நாம காசு குடுத்து வாங்கிட்டா, அந்தக் காப்பியை விக்க பதிப்பாளர்கிட்ட அனுமதி கேட்க வேண்டியதில்ல. சீனியர்கிட்ட பாதி விலைக்கு வாங்கின சிக்னல்ஸ் புக்கை நாம ஜூனியருக்குத் தள்ளி விடறோமே, அதே உரிமைதான். டவுன்லோடுல நமக்குக் கிடைக்கறது காப்பி இல்ல, பயன்படுத்த ஒரு லைசென்ஸ்ங்கிறது கம்பெனிகளோட வாதம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலைல, ஆரக்கிள் சம்பந்தப்பட்ட வழக்குல, டவுன்லோட் பண்ண சாஃப்ட்வேர் லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம்னு சொல்லுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு பிரான்ஸ்ல ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம் நடத்தற வால்வ் மேல வழக்குப் போட்டு, 2019-ல பாரிஸ் கோர்ட்ல ஜெயிச்சாங்க. 2022-ல மேல்முறையீட்டுல தோத்துட்டாங்க.

லைசென்ஸ்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. 2010 ஏப்ரல் 1-ம் தேதி கேம்ஸ்டேஷன் தன்னோட வெப்சைட் விதிமுறையில ஒரு வரி சேர்த்துச்சு: ஆர்டர் போடறவங்க தங்களோட அழியாத ஆன்மாவைக் கடைக்கு எழுதிக் குடுக்கறாங்க! வேண்டாம்னு டிக் பண்ணவங்களுக்கு 5 பவுண்டு வவுச்சர். ஆயிரக்கணக்கான பேர் படிக்காமலே ஆன்மாவைக் குடுத்துட்டுப் போனாங்க. ஏப்ரல் ஃபூல் ஜோக்தான். ஆனா "வாங்கு" பட்டனை அழுத்தறப்போ நாம எதை வாங்கறோம்னு எத்தனை பேர் படிக்கிறோம்? 2024 மார்ச் 31-ல யூபிசாஃப்ட் தன்னோட தி க்ரூ கேமுக்கு சர்வரை நிறுத்தினப்போ, டிஸ்க்கா வாங்கினவங்களாலகூட அதை ஆட முடியல.

கேம் குரூப் கதைக்குத் திரும்புவோம். 2016-ல கடைக்குள்ளயே பிசிகளைப் போட்டு, மணிக்கணக்குல காசு வாங்கி ஆட விடற பிலாங்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. நல்ல ஐடியாதான், ஆனா அது கம்பெனியைக் காப்பாத்தல. 2019-ல ஸ்போர்ட்ஸ் டைரக்ட், அதாவது ஸ்போர்ட்ஸ் ஷூவும் டி-ஷர்ட்டும் விக்கிற கம்பெனி, 52 மில்லியன் பவுண்டுக்கு இவங்களை வாங்குச்சு. தனிக் கடைகள் குறைஞ்சு, பெரிய கடைக்குள்ள ஒரு மூலையா மாறுச்சு. பொம்மையும் மக்கும் அதிகமாச்சு, கேம் குறைஞ்சது. 2024 பிப்ரவரியில பழைய கேமை வாங்கறதையே நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டா, கேம் கடை செத்த தேதின்னு ஒண்ணைக் குறிக்கணும்னா 2012-ஐ விட இதைத்தான் குறிப்பேன். போர்டு இருந்துச்சு, லூப் இல்ல.

இந்தக் கணக்கு சரியான்னு செக் பண்ண ஒரு வழி இருக்கு. 1992-ல லண்டன்ல ஆரம்பிச்ச சி.இ.எக்ஸ். அவங்க தொழிலே செகண்ட் ஹேண்ட்தான்: கேம், போன், டிவிடி, எதைக் கொண்டு வந்தாலும் விலை போடுவாங்க. பின்னாடி இந்தியாவுலயும் கடை திறந்தாங்க. இவங்க இன்னமும் பிரிட்டிஷ் கடைத்தெருவுல நிக்கறாங்க. மழை ஒண்ணுதான், வாடகை முறையும் ஒண்ணுதான்.

டவுன்லோட் வந்ததே தப்புன்னு நான் சொல்ல வரல. ரெண்டு பேர் ரூம்ல உட்கார்ந்து எழுதற கேம், டிஸ்க் அடிக்காம உலகம் முழுக்கப் போய்ச் சேருது. செகண்ட் ஹேண்ட்ல அவங்களுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. ஸ்டீம் சேல்ல ஒரு சாப்பாட்டுக் காசுக்கு கேம் கிடைக்கறப்போ நானும் வாங்கத்தான் செய்யறேன். பிசியில கடைகள் நிறைய, விலைப்போட்டி உண்டு. கன்சோல்லதான் சிக்கல். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலுக்கு ஒரே கடை, அதை நடத்தறது கன்சோல் செஞ்ச கம்பெனி. அவங்க சொல்றதுதான் விலை. பாக்கெட் மணியைச் சேர்த்து, மூணு பழைய டிஸ்க்கைக் குடுத்து ஒரு புது கேமை எடுத்துட்டுப் போன பையனுக்கு அந்தக் கடையில எந்த வழியும் இல்ல.

2025 ஜூன்ல நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தப்போ கூடவே கேம்-கீ கார்டுன்னு ஒண்ணு வந்துச்சு. பார்க்க பழைய கேம் கார்டு மாதிரியே இருக்கும், உள்ள கேம் இருக்காது. போட்டா, சர்வர்ல இருந்து கேம் டவுன்லோட் ஆகும். ஆடறப்போ எல்லாம் கார்டு உள்ள இருக்கணும். அக்கவுண்ட்டோட ஒட்டாது, அதனால தாராளமா விக்கலாம், நண்பனுக்குக் குடுக்கலாம். சர்வர் ஓடற வரைக்கும் அதுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் விலை இருக்கும். சர்வர் எப்ப நிக்கும்னு தெரியாம ஒரு கடைக்காரர் அந்தக் கார்டுக்கு எவ்வளவு விலை போடுவார்னு யோசிச்சுப் பாருங்க. ஐடியா இருக்கிறவங்க அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.